மெட்டு பழசு, துக்கம் புதுசு

சாவு வீட்டுக்குப் புது மெட்டு ஆகாது. பாளையங்கோட்டையில் ஒரு சபையில் வருஷக்கணக்காக ஆர்கன் வாசிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆகாது என்று சாஸ்திரம் எதுவும் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். பெரியவர் ராத்திரி கண்ணை மூடுவார், மறுநாள் சாயங்காலம் அடக்க ஆராதனை. விடிந்ததும் மகன் போன் போடுவான். "அண்ணே, அப்பாவப் பத்தி நாலஞ்சு வரி எழுதி வச்சிருக்கோம். ஏதாவது தெரிஞ்ச ராகத்துல போட்டுத் தாங்க. எல்லாரும் சேந்து பாடணும்."

தெரிந்த ராகமாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியமான நிபந்தனை. அழுது தொண்டை கட்டின கூட்டம் புதிதாக ஒரு மெட்டைப் படித்துக்கொண்டு நிற்காது. கை தானாகப் போகிற மெட்டு வேண்டும். வாய் தானாகத் திறக்கிற மெட்டு வேண்டும். சொல்லை மட்டும் காகிதத்தில் பார்த்துப் பாடிக்கொள்வார்கள்.

இதற்கு எங்களிடம் பழைய வசதி ஒன்று உண்டு. மேல்நாட்டுக் கீதப் புத்தகங்களில் ஒவ்வொரு ராகத்துக்கும் அசைக் கணக்கு போட்டிருக்கும். 8.6.8.6 என்றால் முதல் அடிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு, மறுபடி எட்டு, ஆறு. அந்தக் கணக்கில் எழுதின எந்தப் பாட்டையும் அந்தக் கணக்கில் உள்ள எந்த ராகத்திலும் பாடலாம். 23ஆம் சங்கீதத்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த அளவில்தான் செய்யுளாக்கினார்கள். 'அமேஸிங் கிரேஸ்' பாட்டும் இதே அளவு. ஒன்றின் சொல்லை இன்னொன்றின் மெட்டில் ஏற்றினால் ஓர் அசைகூடப் பிசகாது. உலகமெல்லாம் 'அமேஸிங் கிரேஸ்' மெட்டு என்று முணுமுணுக்கிறதே, அதுவும் அந்தப் பாட்டோடு பிறந்ததில்லை. ஜான் நியூட்டன் எழுதின சொல் அச்சானது 1779இல். 'நியூ பிரிட்டன்' என்ற இந்த மெட்டை வில்லியம் வாக்கர் அமெரிக்காவில் அதோடு சேர்த்து அச்சிட்டது 1835இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டும் அந்தச் சொற்கள் வேறு வேறு மெட்டில்தான் காலம் கழித்தன.

அதனால் பழைய பாட்டை மாற்றி எழுதி ஒரு நண்பனுக்கு அஞ்சலி செலுத்துவது என்பது சினிமாக்காரர்களோ பாப் பாடகர்களோ கண்டுபிடித்த வழக்கமில்லை. நம் ஊர் ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவை, மூச்சு விடும் இடம், உவமை எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்தது. அம்மாவா, அண்ணனா, கொழுந்தனா, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், என்ன கனவோடு போனான் என்பது மட்டும் புதிது. பழைய சட்டத்துக்குள் இன்றைய பெயரை உட்கார வைக்கத் தெரிந்தவளுக்குத்தான் ஒப்பாரிக்காரி என்று பெயர்.

ஐரோப்பாவிலும் இது பழசு. 1497 பிப்ரவரி 6ஆம் தேதி யொஹானஸ் ஒக்கெகம் இறந்தார். பிரெஞ்சு அரசர்கள் மூவரிடம் ஊழியம் பார்த்த இசைக் கலைஞர். கவிஞர் ஜான் மொலினே ஓர் இரங்கல் கவிதை எழுத, அதற்கு இசையமைத்தார் ஜோஸ்கன் தெ ப்ரே. ஐந்து குரல்களுக்கான பாட்டு. நாலு குரல்கள் மொலினேயின் பிரெஞ்சு வரிகளைப் பாடும். ஒரு குரல் மட்டும் லத்தீனில், இறந்தோருக்கான திருப்பலியின் தொடக்க கீதத்தை, நெடிய சுரங்களில் அடியில் இழுத்துக்கொண்டே போகும். கோயிலுக்குப் போன யாருக்கும் அந்தக் கீதம் தெரியும். காதில் அது விழுந்தவுடனே யாரோ போய்விட்டார்கள் என்று புரியும். மேலே உள்ள குரல்கள் யார் என்று சொல்லும். ஜோஸ்கன், புரூமெல், பியெர் தெ லா ரூ, கொம்பேர் என்று அன்றைக்கு இருந்த இசையமைப்பாளர்களையே பெயர் சொல்லி, துக்க உடை உடுத்தச் சொல்கிறது கவிதை. 1518இல் எழுதப்பட்ட மெடிச்சி ஏட்டில் இந்தப் பாட்டின் சுரங்கள் முழுக்கக் கறுப்பு நிரப்பி எழுதப்பட்டிருக்கின்றன. துக்கம் கண்ணுக்கும் தெரியட்டும் என்று. அந்த ஒக்கெகமும், தனக்கு மூத்த பின்ஷ்வா 1460இல் இறந்தபோது அவருக்கு இதே மாதிரி ஒரு இரங்கல் பாட்டு அமைத்தவர்தான்.

அதற்குச் சரியாக ஐந்நூறு வருஷம் கழித்து, 1997இல், இந்த வழக்கம் உலகத்தின் வரவேற்பறைக்கு வந்தது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மார்ச் 9. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி என்று பெயரெடுத்த ராப் பாடகர் கிறிஸ்டஃபர் வாலஸ் லாஸ் ஏஞ்சலிஸில் காரில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. அவருடைய பாட்டுகளை வெளியிட்டவரும் நண்பருமான ஷான் கோம்ஸ், அப்போது பஃப் டாடி, மூன்று மாதத்துக்குள் 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ' என்ற பாட்டை வெளியிட்டார். வாலஸின் மனைவி ஃபெய்த் எவன்ஸ் பல்லவி பாடினார். அடியில் ஓடுகிற கிட்டார், 'தி போலீஸ்' குழுவின் 1983ஆம் வருஷத்துப் பாட்டான 'எவ்ரி ப்ரெத் யூ டேக்'கில் இருந்து அப்படியே வெட்டி எடுத்தது. பல்லவி மெட்டும் அதனுடையதே.

நான் இந்தப் பாட்டைக் கேட்டபோது என்னை நிறுத்தினது கிட்டார் இல்லை. நடுவில் ஓரிடத்தில் ஆல்பர்ட் பிரம்லியின் பழைய கோயில் பாட்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது. பறந்து போய்விடுவேன் என்ற பொருளில் 1929இல் அவர் எழுதி, 1932இல் அச்சில் வந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பர், வெள்ளையர் இருவர் சபையிலும் அடக்கத்துக்குப் பாடுவது. ஆல்பத்தில் உள்ள வடிவம் தொடங்குவதோ சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ'வில். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945இல் இறந்தபோது அமெரிக்க வானொலியில் ஒலித்த இசை அது. ஆக மூன்று அடுக்கு. அரசு துக்கம், கோயில் துக்கம், அதன்மேல் ஒரு பாப் பாட்டு. ராப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டவர்கள் கொஞ்சம் காது கொடுத்தால் ஜோஸ்கனின் வேலை அதில் தெரியும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' துக்கப் பாட்டே கிடையாது. ஸ்டிங் அதைத் தன் முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த காலத்தில், ஜமைக்காவில், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதின இயான் ஃபிளெமிங்கின் பழைய வீட்டில் இருந்துகொண்டு எழுதினார். விட்டுப் போனவளின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கிற பொறாமைக்காரனின் குரல் அது. அதைக் கல்யாணத்தில் போடுகிறார்களே என்று ஸ்டிங்கே ஆச்சரியப்பட்டிருக்கிறார். அந்த மெட்டு இறந்த நண்பனை நினைத்து ஏங்கும் பாட்டாக மாறினபோது ஒருவருக்கும் உறுத்தவில்லை. மெட்டுக்குப் பொருள் கிடையாது, மனநிலை மட்டும்தான் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. ஏக்கம் இருந்தது, யாருக்காக என்பது மாறிவிட்டது.

அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்த முதல் ராப் பாட்டு அது. பதினொரு வாரம் அங்கேயே இருந்தது. மூலப் பாட்டு 1983இல் முதலிடத்தில் இருந்தது எட்டு வாரம்தான். பணம் எங்கே போனது? கிட்டார் வாசித்தவர் ஆண்டி சம்மர்ஸ். ஆனால் பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் ஸ்டிங் பெயர் மட்டும் இருந்ததால் உரிமைத்தொகை முழுக்க ஸ்டிங்குக்கு. வெளியிடும் முன் அனுமதி கேட்காததால் பேரம் பேசும் நிலையில் பஃப் டாடி இல்லை. தன் விரல்கள் வாசித்த கிட்டாருக்குத் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சம்மர்ஸ் பல பேட்டிகளில் குமுறியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பாட்டை உலகம் அடையாளம் கண்டுகொள்வது அந்தக் கிட்டாரை வைத்துத்தான்.

இன்னொன்று. நண்பன் நண்பனைப் பார்த்துப் பேசுகிற அந்த ராப் வரிகளை எழுதினது பஃப் டாடி இல்லை. சாஸ் மணி என்ற இன்னொரு ராப் கலைஞர். கூலிக்கு எழுதின வரிதானா என்று கேட்கலாம். ஒப்பாரிக்காரியும் கூலிக்குத்தான் அழுகிறாள். அவள் பாட்டில் வீட்டார் தங்கள் துக்கத்தைக் கண்டுகொள்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது மரணம் ஜூலை 15. ஆடை வடிவமைப்பாளர் ஜானி வெர்சாச்சி மியாமி பீச்சில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 22ஆம் தேதி மிலான் பேராலயத்தில் நினைவுத் திருப்பலி. அங்கே 23ஆம் சங்கீதத்தைப் பாடியவர்கள் யார் தெரியுமா? எல்டன் ஜானும் ஸ்டிங்கும். கூட்டத்தில் எல்டன் ஜான் உடைந்து அழுதபோது பக்கத்தில் இருந்து தேற்றினவர் இளவரசி டயானா. அந்தப் படம் மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது.

எல்டனும் டயானாவும் அதற்கு முன் சில மாதங்களாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பழக்கம் 1981இல் விண்ட்சர் கோட்டையில், இளவரசர் ஆண்ட்ரூவின் 21ஆவது பிறந்தநாள் விருந்தில் ஆரம்பித்தது. எல்டன் அங்கே பியானோ வாசிக்கப் போயிருந்தார். சண்டை வந்தது வெர்சாச்சியின் 'ராக் அண்ட் ராயல்டி' என்ற புத்தகத்தால். எல்டனின் எய்ட்ஸ் அறக்கட்டளைக்கு நிதி சேர்ப்பதற்கான அந்தப் புத்தகத்துக்கு டயானா முன்னுரை தர ஒப்புக்கொண்டிருந்தார். அரச குடும்பத்துப் படங்களும் அரைகுறை ஆடை ஆண்களின் படங்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். வெர்சாச்சியின் சாவுதான் இருவரையும் மறுபடி சேர்த்து வைத்தது. நம் ஊரிலும் அப்படித்தானே, பங்காளிச் சண்டை தீர்வது துட்டி வீட்டில்தான்.

மிலான் திருப்பலி நடந்து நாற்பதாவது நாள், ஆகஸ்ட் 31 ஞாயிறு அதிகாலை, பாரிஸ் சுரங்கப் பாதையில் நடந்த கார் விபத்தில் டயானா போய்விட்டார்.

அடக்கம் செப்டம்பர் 6 சனிக்கிழமை. ஆறே நாள். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் வைத்திருந்த இரங்கல் புத்தகத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். எழுதினவர்களில் நிறையப் பேர் 'கேண்டில் இன் தி விண்ட்' பாட்டின் வரிகளை எழுதிவிட்டுப் போனார்களாம். இதை எல்டனுக்குப் போன் செய்து சொன்னவர் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன். வானொலிகளும் அதையேதான் ஓயாமல் ஒலிபரப்பின. ஆக, அந்தப் பாட்டை எல்டன் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது அரை உண்மை. ஜனங்கள் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் சொன்ன 'தெரிஞ்ச ராகம்' அதுதான்.

அந்தப் பாட்டின் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். 1973இல் வெளிவந்த 'குட்பை யெல்லோ பிரிக் ரோட்' ஆல்பத்தில் உள்ளது. சொல் பெர்னி டாப்பின், மெட்டு எல்டன் ஜான். அவர்களுடைய வழக்கமான தொழில்முறை இது: சொல் முதலில் வரும், எல்டன் காகிதத்தைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். பாட்டு மெரிலின் மன்றோவைப் பற்றியது. காற்றில் ஆடும் மெழுகுவர்த்தி என்ற தலைப்பு உவமைகூட டாப்பினுடைய சொந்தச் சரக்கில்லை. 1970இல் இறந்த பாடகி ஜானிஸ் ஜோப்ளினைப் பற்றி இன்னொருவர் சொல்லக் கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணுக்குச் சொன்ன உவமை இன்னொரு பெண்ணுக்குப் பாட்டாகி, மூன்றாவது பெண்ணுக்கு அஞ்சலியாகப் போய்ச் சேர்ந்தது. மெரிலினும் டயானாவும் இறந்த வயது ஒன்றே, 36.

இந்த இருவருக்கும் இடையில் அதே மெட்டு இன்னொருவருக்கும் பாடப்பட்டது. இண்டியானா மாநிலத்தில் ரயன் ஒயிட் என்ற பையன். ரத்தம் உறையாத நோய்க்குக் கொடுத்த மருந்து வழியாக எய்ட்ஸ் தொற்றி, 1984 கடைசியில், 13 வயதில், கண்டுபிடிக்கப்பட்டது. பள்ளிக்கூடம் வராதே என்று தடுத்தார்கள். வழக்குப் போட்டுப் போனான். எல்டன் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர். 1990 ஏப்ரல் 7ஆம் தேதி, பையன் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருக்கும்போது, அதே இண்டியானாபொலிஸ் நகரில் விவசாயிகளுக்கான நிதிக் கச்சேரி. மேடைக்கு வந்த எல்டன் ரயன் பெயரைச் சொல்லி 'கேண்டில் இன் தி விண்ட்' பாடினார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மறுநாள் ரயன் இறந்தான். அடக்கத்தில் எல்டன் தன் இன்னொரு பழைய பாட்டான 'ஸ்கைலைன் பிஜன்' பாடினார், அதையும் மாற்றாமல்.

ஜான் லெனனுக்கு அவர் செய்தது வேறு. 1980 டிசம்பரில் லெனன் சுடப்பட்டபோது, எல்டனும் டாப்பினும் புதுப் பாட்டே எழுதினார்கள். 'எம்ப்டி கார்டன்'. அது 1982இல்தான் வெளிவந்தது. கையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது, புது மெட்டு வந்தது. ஆறு நாள் இருந்தபோது பழைய மெட்டு. என் முதல் வரியை நான் வீம்புக்குச் சொல்லவில்லை.

டயானா இறந்தபோது டாப்பின் கலிஃபோர்னியாவில் தன் பண்ணையில் இருந்தார். எல்டன் புது வரி கேட்டவுடன் மளமளவென்று எழுதித் தொலைநகலில் அனுப்பிவிட்டார். மறுபக்கம் அரண்மனையில் தயக்கம். பாப் பாடகர் ஒருவர், வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள், அதுவும் இவ்வளவு உணர்ச்சி வழியும் வரிகளோடு. அபேயின் தலைமைக் குரு வெஸ்லி கார், அரண்மனைக்கு எழுதின குறிப்பில் இந்தப் பாட்டு கண்டிப்பாக வேண்டும் என்று வாதாடினார். உணர்ச்சி அதிகம் என்று தோன்றினால் ஆராதனைத் தாளில் வரிகளை அச்சிடாமல் பாட மட்டும் விடலாம் என்றுகூட ஒரு வழி சொன்னார். 2021 கடைசியில் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட கோப்புகளால் இது வெளியே தெரிந்தது. ஆராதனைத் தாளில் எதை அச்சிடுவது, எதை விடுவது என்ற பேச்சுவார்த்தை எங்கள் சபையில் மட்டும் நடக்கிறதில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அன்றைய ஆராதனை முழுக்கவே இரவல் இசையால் ஆனது என்று சொன்னால் தப்பில்லை. டயானாவுக்குப் பிடித்த, அவர் கல்யாணத்திலும் பாடின தேசபக்திக் கீதம் ஒன்று உண்டு. அதன் மெட்டு, ஹோல்ஸ்ட் தன் 'கிரகங்கள்' இசைத் தொகுப்பில் வியாழனுக்குப் போட்டிருந்தது; 1921இல் ஒரு கவிதைக்கு அதைப் பொருத்தினார். சவப்பெட்டி வெளியே போகும்போது பாடகர் குழு பாடியது ஜான் டேவ்னரின் 'சாங் ஃபார் ஏதினி'. சைக்கிள் விபத்தில் இறந்துபோன ஒரு குடும்ப நண்பியின் நினைவாக 1993இல் அவர் அமைத்தது. ஏதினிக்கான அஞ்சலி, சொல் மாறாமல், டயானாவை வழியனுப்பியது. என்னைக் கேட்டால் அன்றைக்கு அபேயில் ஒலித்ததில் ஆகச் சிறந்தது அதுதான். அடியில் ஒரே சுரம் தம்புரா மாதிரி விடாமல் நிற்க, மேலே குரல்கள் மெல்ல விரிந்து ஒரே இடத்தில் வெடிக்கும். கேபிள்காரர் புண்ணியத்தில் இங்கே இருந்துகொண்டே கேட்டேன்.

எல்டன் பாடும்போது பியானோ பக்கத்தில் வரி காட்டும் திரை இருந்தது. இருபத்து நாலு வருஷமாக மேடை மேடையாகப் பாடின பாட்டு. நாக்கு பழைய தடத்தில் ஓடிவிட்டால் என்ன செய்வது? பழைய பாட்டில் மெரிலின் ஆடையின்றிக் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதினது பற்றி ஒரு வரி வரும். அபேயில், அரச குடும்பத்துக்கு முன்னால், பிரிட்டனில் மட்டும் மூன்று கோடிப் பேருக்கு மேல் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வாயில் வந்துவிட்டால்! தன் சுயசரிதையில் அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கிறார். பழைய ராகத்தில் புதுச் சொல் பாடுகிற ஒவ்வொருத்தருக்கும் உள்ள பயம் இது. அடக்க வீட்டில் முன் வரிசை காகிதத்தைப் பார்த்துப் பாடும், பின் வரிசை பழைய வரியையே பாடிவிடும்.

சொல் எப்படி என்றால், சொல்லிவிடுகிறேன், 1973தான் உயர்ந்தது. பழைய பாட்டு மெரிலினின் பிறப்புப் பெயரான நோர்மா ஜீனைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது. அவளை ஒரு நாளும் நேரில் பார்க்காத ரசிகன், சினிமாக் கொட்டகை இருக்கையில் இருந்தபடி பேசுகிறான். ஹாலிவுட், பத்திரிகைக்காரர்கள், தனிமை எல்லாம் பெயரோடு இருக்கிறது. 1997 பாட்டில் டயானா என்ற பெயரே கிடையாது. பெயர் இருந்த அதே மூன்று அசைக்குள் நாட்டின் மலர் என்ற பொருளில் ஓர் அடைமொழியைப் பொருத்திவிட்டார் டாப்பின். தச்சு வேலை கச்சிதம். பல்லவியில் பச்சைக் குன்றுகளும் காலடிகளும் வருவது, ஹ்யூபர்ட் பாரி 1916இல் மெட்டுப் போட்ட பிளேக்கின் கவிதையை ஆங்கிலேயர் காதில் தட்டி எழுப்பும். கெட்டிக்கார வேலை. ஆனால் விண்ட்சர் விருந்து இல்லை, புத்தகச் சண்டை இல்லை, மிலான் கண்ணீர் இல்லை. பேசுவது ஒரு நாடு.

நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருத்திக்கு எழுதின பாட்டில் நெருக்கம் இருந்தது. பதினாறு வருஷம் பழகின தோழிக்கு அதையே மாற்றினபோது நெருக்கம் போய்விட்டது. பாடினவர் நண்பர், பாடலில் நட்பு இல்லை. பஃப் டாடியின் பாட்டு நயத்தில் இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனாலும் அதில் ஒருத்தன் ஒருத்தனைப் பார்த்துப் பேசுகிறான். அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 4ஆம் தேதி, எம்டிவி விருது மேடையில் பஃப் டாடி அதைப் பாட, ஸ்டிங்கே வந்து கூடச் சேர்ந்து பாடினார். ஜூலையில் மிலானில் பாடின இருவரின் பழைய பாட்டுகளும் செப்டம்பர் முதல் வாரத்தில் வேறு வேறு பிணங்களுக்குப் பாடப்பட்டன.

அடக்கம் முடிந்ததும் எல்டன் நேரே லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாட்டைப் பதிவு செய்தார். தயாரித்தவர் பீட்டில்ஸ் பாட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின். செப்டம்பர் 13 பிரிட்டனில் வெளிவந்தது. முதல் நாளே 6,58,000 பிரதிகள். அந்த நாட்டில் இதுவரை மிக அதிகம் விற்ற ஒற்றைப் பாட்டு இதுதான், சுமார் 49 லட்சம். அமெரிக்காவில் பதினாலு வாரம் முதலிடம். உலகம் முழுக்க 3 கோடியே 30 லட்சம் என்பது கின்னஸ் கணக்கு. டயானா நினைவு நிதிக்கு இதனால் சேர்ந்தது 3 கோடியே 80 லட்சம் பவுண்ட். பழைய மெட்டில் புதுச் சொல் எழுதி அதைவிட அதிகம் சம்பாதித்த தர்ம காரியம் உலகத்தில் இருக்குமா, சந்தேகம்தான்.

ஆனால் விற்பனை நிற்கவே இல்லை. கனடாவில் மூன்று வருஷம் முதல் இருபது இடங்களுக்குள் இருந்தது. துக்கத்தில் இவ்வளவு நாளா புரண்டுகொண்டிருப்பார்கள் என்று எல்டனுக்கே ஒரு கட்டத்தில் சங்கடமாகிவிட்டது. அந்த வடிவத்தை அபேக்குப் பிறகு அவர் பொது மேடையில் பாடவில்லை. டயானாவின் பிள்ளைகள் கேட்டால் மட்டும் பாடுவேன் என்றார். 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முடிந்த கடைசிச் சுற்றுப்பயணத்திலும் அவர் பாடியது நோர்மா ஜீன் பாட்டைத்தான். மெரிலினுக்கு அவள் பாட்டு திரும்பக் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான். அடக்கத்துக்கு எழுதினது அடக்கத்தோடு நின்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்னைப் பூங்கா நகர்ப் பக்கம் ஒரு காலத்தில் குஜிலிக் கடைகளில் மலிவுத் தாளில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். வெள்ளம், கொலை, ரயில் விபத்து, தலைவர் மரணம் எதுவானாலும் மறு வாரம் பாட்டு வந்துவிடும். மேலே இன்ன பாட்டின் மெட்டு என்று தவறாமல் அச்சிட்டிருப்பார்கள். சம்மர்ஸுக்குக் கிடைக்காத மரியாதையை அந்தக் காலணாப் புத்தகம் கொடுத்தது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பழைய ராகத்தில் நாலு வரி எழுதி அச்சடிக்கும்போது, மேலே மூலப் பாட்டின் பெயரையும் அதை இயற்றியவர் பெயரையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் உங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கிறவரைக் கேளுங்கள், சொல்லுவார்.